சின்ன லேத்தை சி.என்.சி. ஆக்கி நாலரை வருஷம்

மேசைமேல் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். மூடியைத் திருகினால் இரண்டரைச் சுற்றில் மெத்தென்று போய் உட்காரும். நான் செய்ததில் இது நாற்பத்தொன்றாவது. முதல் ஆறு பழைய பித்தளைக்கடைக்குப் போய்விட்டன. ஏழாவதில் மூடி பாதியிலேயே சிக்கும், ஆனாலும் அம்மா அதைத்தான் சாமி அறையில் வைத்திருக்கிறார். இந்தச் சிமிழுக்காகவா இவ்வளவு செலவு என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

நான் பகலில் கணக்கு எழுதுகிறவன். இருப்பது கோயம்புத்தூரில். கணபதிப் பக்கம் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு புஷ், அதாவது தண்டுக்கு மாட்டும் உலோக வளையம், கடைய வேண்டுமென்றால் டீ குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் வீட்டு ஷெட்டில் ஒரு குட்டி லேத்தை வைத்துக்கொண்டு, அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டியே தீருவேன் (சி.என்.சி. என்பது அதுதான்) என்று நின்றது தேவையால் இல்லை, ஆசையால். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மெஷின், அங்குலக் கணக்கில் 'ஏழுக்குப் பதினாலு' என்று சொல்வார்களே, அந்த வகை. பெட்டுக்கு, அதாவது அடிப்படுகைக்கு, மேல் 180 மி.மீ. விட்டம் சுற்றும், சென்டருக்கு சென்டர் 350 மி.மீ. எடை நாற்பது கிலோ சொச்சம். 2018இல் வாங்கினேன். இரண்டு வருஷம் கையால்தான் ஓட்டினேன். மரை, அதாவது திருகுப் புரி, போடுவதற்கு பிளாஸ்டிக் பல்சக்கரங்களைக் கழற்றி மாட்டி, பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்த அலுப்பில்தான் மாற்றும் யோசனை வந்தது. ஊரடங்குக் காலம் நேரத்தையும் கொடுத்தது.

பழக்கமான பட்டறைக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷ டர்னர். விஷயத்தைச் சொன்னதும், "செய்யுங்க தம்பி, வேண்டாங்கல. ஆனா கையில ஓட்டும்போது அது தப்புப் பண்ணினா உங்களுக்குத் தெரியுமுங்க. கம்ப்யூட்டர்ல விட்டா அதே தப்பை ஒழுங்காத் திருப்பித் திருப்பிப் பண்ணும்," என்றார். அப்போது சிரித்தேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று கீழே வரும்.

முதலில் திருகுகள். இந்த லேத்தில் டூலை நகர்த்த வரும் சாதா திருகுகளில் ஆட்டம் அதிகம். என்னுடைய, குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடில் கால் மில்லிமீட்டர் வரை இருந்தது. கை அதைப் பழகிக்கொள்ளும், புரோகிராம் பழகிக்கொள்ளாது. நீளவாக்குக்கு, அதாவது இசட் அச்சுக்கு, 16 மி.மீ. விட்டமும் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வும் கொண்ட பால் ஸ்க்ரூ போட்டேன்; திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள் உருளும், ஆட்டம் குறைவு. குறுக்குவாட்டுக்கு, அதாவது எக்ஸ் அச்சுக்கு, 12 மி.மீ. விட்டம், 4 மி.மீ. நகர்வு. குறுக்குவாட்டில் இடமே கிடையாது. நட்டு உட்கார ஸ்லைடின் அடியில் பள்ளம் குடைய வேண்டும். அதை மில்லிங் பட்டறையில் கொடுத்துச் செய்தேன். குடைந்து முடித்தபின் அந்த இடத்தில் மிச்சமிருந்த இரும்பின் கனத்தைப் பார்த்து வயிறு கலங்கியது. இதுவரை உடையவில்லை.

பால் ஸ்க்ரூவின் முனைகளை பேரிங்குக்கு ஏற்றபடி கடைய வேண்டும். மேல்தோல் கடினப்படுத்தப்பட்டது, சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டை மழுங்கடித்துவிடும். கார்பைடு இன்சர்ட் (மாற்றிப் போடும் கடினமான வெட்டு முனை) வைத்துத்தான் அந்தத் தோலைத் தாண்ட முடிந்தது. அந்த வேலைக்காக நட்டைக் கழற்றும்போதுதான் முதல் அடி. நட்டை வெளியே எடுப்பதென்றால், திருகின் அடிவிட்டம் அளவுக்கு ஒரு குழாயை முனையில் வைத்து, நட்டை அதன்மேல் ஏற்றி நகர்த்த வேண்டும். நான் குழாய் வைக்காமல் 'சும்மா பார்ப்போம்' என்று சுழற்றினேன். குண்டுகள் மழை மாதிரி சிமெண்ட் தரையில் கொட்டின. எட்டில் ஒரு அங்குலக் குண்டுகள். காந்தத்தை நூலில் கட்டி அலமாரிக்கு அடியில் எல்லாம் தேடினேன், மூன்று கிடைக்கவில்லை. பேரிங் கடையில் வாங்கிய புதுக் குண்டுகளைப் பழையவற்றோடு கலந்தால், மைக்ரான் கணக்கில் பெரிதாக இருக்கும் குண்டுதான் மொத்தச் சுமையையும் வாங்கும் என்று அண்ணன் தடுத்தார். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, கிரீஸில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாக அடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

மோட்டார், டிரைவர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீமா 23 அளவு ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்) இரண்டு, 48 வோல்ட் சப்ளை. ஒரு சுற்றுக்கு 200 படி, டிரைவரில் எட்டாகப் பிரித்தால் 1600; ஐந்தால் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 320. கணக்கு சரியாக இருந்தால் முதல் நாளே ஓடும். எனக்கும் ஓடியது.

எனக்கு ஆறு மாதத்தைத் தின்றது என்கோடர், அதாவது சுழற்சியை எண்ணிச் சொல்லும் கருவி. மில்லிங் மெஷினை மாற்றுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி அவ்வளவாக இல்லை. லேத்தில் மரை போட வேண்டுமென்றால், பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதை கன்ட்ரோலர் கணத்துக்குக் கணம் அறிந்து, அதற்கேற்ப டூலை நகர்த்த வேண்டும். ஆர்டுயினோ என்ற சின்ன போர்டில் ஓடும் சாதா ஜி.ஆர்.பி.எல். சாஃப்ட்வேர் இதைச் செய்யாது. அதனால் லினக்ஸ் சி.என்.சி. என்ற சாஃப்ட்வேருக்குப் போனேன். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் 1990களில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது; இலவசம்; மரைக்கு ஜி33, ஜி76 என்ற கட்டளைகள் இரண்டும் உண்டு. மோட்டார் மரையின் நடுவில் திணறி வேகம் குறைந்தாலும் டூலும் கூடவே மெதுவாகும், மரை கெடாது. சின்ன டி.சி. மோட்டார் வைத்த இந்த மாதிரி லேத்துக்கு அது வரப்பிரசாதம்.

ஆனால் நான் பழைய டெஸ்க்டாப் ஒன்றின் பேரலல் போர்ட்டிலேயே (பழைய பிரிண்டர் மாட்டும் இடம்) எல்லாவற்றையும் இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பின்பக்கம் ஒன்றுக்கு ஒன்று டைமிங் பெல்ட் போட்டு, சுற்றுக்கு 1000 கோடுள்ள என்கோடர் மாட்டினேன். நல்ல பொருள். அதுவே வினையானது. ஏ, பி இரண்டு அலையையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை. 400 ஆர்.பி.எம்.மில் ஏறக்குறைய 37 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று வரும். என் கம்ப்யூட்டரோ 40 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவைதான் போர்ட்டை எட்டிப் பார்க்கும். எப்படிப் பிடிக்கும்? ஒவ்வொரு வெட்டிலும் வெவ்வேறு அளவுக்கு எண்ணிக்கை விட்டுப்போய், மரையின் தொடக்கம் கண்ணாடி மாதிரியும் கடைசி இரண்டு சுற்று எலி கடித்த மாதிரியும் வந்தது. முதல் ஆறு சிமிழின் கதை இதுதான். டூல் மழுங்கல் என்று நினைத்து இன்சர்ட்டாக மாற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒருநாள் பேப்பரில் கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதை முதலில் போட்டிருக்க வேண்டும்.

தற்காலிகமாக 50 துளை போட்ட தகடும் ஒளி சென்சாரும் வைத்துச் சமாளித்தேன். கரடுமுரடுதான், ஆனால் மரை வந்தது. 2022இல் மேசா 7ஐ96 என்ற கட்டுப்பாட்டு கார்டு வரவழைத்து, நெட்வொர்க் கேபிளில் இணைத்தேன். எண்ணுகிற வேலையை அந்தக் கார்டே பார்த்துக்கொள்வதால் 1000 கோடு என்கோடரையே மீண்டும் மாட்ட முடிந்தது. அன்றிலிருந்து மரையில் ஒரு புகாரும் இல்லை. 1.5 மி.மீ. மரை, 300 ஆர்.பி.எம்.; மரை தொடங்கும் இடத்துக்கு நாலைந்து மி.மீ. முன்னாலிருந்தே டூலை ஓடவிடுவேன், சக்கின் வேகத்தை அது எட்டிப்பிடிக்க அந்த இடம் வேண்டும். கடைசி வெட்டில் பித்தளைப் பொடி மஞ்சள்தூள் மாதிரி உதிர்வதைப் பார்க்க இப்போதும் குனிந்து நிற்பேன்.

கரண்ட் விஷயம். கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் இருந்தது; லேத்தும் ஸ்டெப்பர் சப்ளையும் நேரடி லைனில். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டின் நடுவில் கரண்ட் போய்ப் பத்து செகண்டில் திரும்பியது. கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காதது போல் புரோகிராமைத் தொடர்ந்திருக்கிறது. லேத் போர்டு பாதுகாப்புக்காகத் தானாக ஸ்டார்ட் ஆகாது, ஸ்டெப்பருக்கு அந்தக் கூச்சம் இல்லை. நின்றுபோன பித்தளைக் கட்டையில் டூல் போய் முட்டி, இன்சர்ட் உடைந்து, ஹோல்டரும் வளைந்தது. இப்போது ஸ்டெப்பர் சப்ளை விழுந்தாலே எமர்ஜென்சி ஸ்டாப் விழும்படி ஒரு ரிலே. அதோடு, ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) நிமிடக் கணக்கில் கொடுக்கும் ஜி94ஐ விட்டுச் சுற்றுக்கு இவ்வளவு என்ற ஜி95க்கு மாறினேன். சக் நின்றால் டூலும் நிற்கும்.

இன்னொரு தொல்லை, கடையும்போது வரும் உலோகச் சுருள். எக்ஸ் அச்சின் ஹோம், அதாவது தொடக்க இடத்தைக் காட்ட, உலோகம் அருகில் வந்தால் உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் வைத்திருந்தேன். அதன் முகத்தில் ஒரு சின்ன இரும்புச் சுருள் ஒட்டிக்கொண்டால் போதும், ஹோம் முன்கூட்டியே வந்துவிட்டதாக நம்பிவிடும். ஒரு மத்தியானம் முழுக்க விட்டம் 0.4 மி.மீ. தப்பாக வந்துகொண்டே இருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி மறைப்பு கட்டிய பிறகு சரி. அலுமினியம் கடையும்போது நீளச் சுருள் சக்கில் சிக்கிச் சாட்டை மாதிரி அடிக்கும். கையில் ஓட்டுகிறவர் ஃபீடை ஒரு நொடி நிறுத்தி அதை முறிப்பார், புரோகிராமுக்கு அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓடவிட்டுவிட்டுப் போன் பேசப் போகிற மெஷின் இல்லை இது.

சரி, துல்லியம்? அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். 100 மி.மீ. நீளக் கம்பியைக் கடைந்து இரு முனையையும் மைக்ரோமீட்டரில் பார்த்தால், 60 மைக்ரான் வித்தியாசம். கையில் ஓட்டிய காலத்திலும் அதே 60. ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் ஓரமாகத் திரும்பியிருந்தால் பால் ஸ்க்ரூ என்ன செய்யும்? புரோகிராமில் எதிர்ச்சாய்வு கொடுத்து ஏமாற்றலாம், நானும் ஏமாற்றினேன். பிறகு வெட்கப்பட்டு ஹெட்ஸ்டாக்கைக் கழற்றி, அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்துச் சரிசெய்தேன். ஸ்பிண்டிலில் இருந்த 6206 பேரிங்குகளை எடுத்துவிட்டு 7206 ஆங்குலர் கான்டாக்ட் போட்டேன். இவை இரண்டும் தந்த முன்னேற்றத்தில் பாதியைக்கூட எலக்ட்ரானிக்ஸ் தரவில்லை. இன்றைக்கு 15 மைக்ரானில் நிற்கிறது. வெட்டின் ஆழம் இன்னும் அதே. ஸ்டீலில் கொஞ்சம் பேராசைப்பட்டால் பெட் முனக ஆரம்பிக்கும். மாற்றம் செய்யப்போகிறவர்கள் பேரிங்கையும் ஹெட்ஸ்டாக்கையும் முதலில் பாருங்கள். நான் கடைசியில் பார்த்தேன்.

இழந்தது ஒன்று உண்டு, கைப்பிடி. ஒரு கம்பியின் முகத்தை லேசாகச் சீவ வேண்டுமென்றால் முன்பு அரை நிமிடம். இப்போது கம்ப்யூட்டர் விழித்து, ஹோம் போய், டூல் எண் சொல்லி, அப்புறம்தான் வேலை. கையால் சுற்றி டூலை நகர்த்தும், சுற்றுக்கு நூறு கிளிக் தரும் எம்.பி.ஜி. சக்கரம் ஒன்று மாட்டியதில் பாதி ஏக்கம் தீர்ந்தது. ஆனால் டூல் உலோகத்தைத் தொடும்போது விரலில் வருமே ஒரு அதிர்வு, அது அந்தச் சக்கரத்தில் வராது. ட்ரில் பிட் மழுங்குவதை இப்போது காதால்தான் கண்டுபிடிக்கிறேன்.

செலவு, லேத்தின் விலையைத் தவிர்த்து, எழுபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. அதில் பால் ஸ்க்ரூவும் மேசா கார்டுமே பெரும்பங்கு. உடைத்ததும் தப்பாக வாங்கியதும் ஒரு பன்னிரண்டாயிரம் இருக்கும். மாதம் ஒன்றிரண்டு புஷ், ஸ்பேசர் கடைகிறவருக்கு இது வேண்டவே வேண்டாம். டூலின் இடத்தை எண்ணில் காட்டும் ஒரு டிஜிட்டல் ரீட்அவுட் போதும். மரை, சாய்வு, வளைவு மூன்றும் ஒரே பொருளில் வருகிறவருக்கு, ஒரே பொருளை இருபது தடவை செய்கிறவருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. என் அக்கா பையனுக்குப் பித்தளைப் பம்பரம் செய்தபோது அந்த வயிற்று வளைவை ஜி2, ஜி3 என்ற வளைவுக் கட்டளைகளை வைத்து எழுதினேன்; கையால் அந்த வடிவம் எனக்கு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. பள்ளிக்கு எடுத்துப்போய், அடுத்த வாரம் எட்டுப் பம்பரத்துக்கு ஆர்டரோடு வந்தான்.

இப்போது எக்ஸ் நட்டில் ஆட்டம் 50 மைக்ரானுக்கு வந்திருக்கிறது. சாஃப்ட்வேரில் ஈடுகட்டிப் பார்த்தேன். பம்பரத்தின் அகன்ற இடத்தில், டூல் திசை மாறும் கோட்டில், நகக்கீறல் மாதிரி ஒரு தடம் விழுகிறது. நட்டைக் கழற்றிப் பெரிய குண்டு போட வேண்டும். குழாயைக் கடைந்து தயாராக வைத்துவிட்டேன்.