தரம் 11 பிள்ளைக்கு எந்த நேரசூசி உழைக்கும்? கடைப் பிளானர், ஃபோன், சதுர ரூல் கொப்பி

படிப்பு, டியூசன், விளையாட்டு, தூக்கம் எல்லாவற்றையும் ஒரு நாளுக்குள் அடக்க நினைக்கும் பிள்ளைகள் பொதுவாக மூன்றில் ஒன்றை நாடுகிறார்கள். மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் புத்தகக் கடைகளில் பளபளப்பான அட்டையோடு தொங்கும் பிளானர் ஒன்று. வீட்டில் இருக்கும் ஃபோன் இன்னொன்று. கணிதப் பாடத்துக்கு வாங்கும் சதுர ரூல் கொப்பி மூன்றாவது. மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது, பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் போனது என்பது அதில் தெரிகிறதா? தெரியாவிட்டால் அது நேரசூசி இல்லை, ஆசைப் பட்டியல். இந்த அளவுகோலில் மூன்றிலும் மலிவானதுதான் முன்னுக்கு வருகிறது.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையின் நாளை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். பாடசாலை மணி 7.30க்கு. வீடு இருக்கும் டிவிசன், அதாவது தோட்டத்தின் பிரிவு, டவுனிலிருந்து தள்ளி இருந்தால் 6.15க்காவது வீட்டை விட்டு இறங்க வேண்டும், அதற்கு 5.15க்கு எழும்ப வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணித்தியால உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. அதில் ஆகக் குறைந்ததை எடுத்தாலே 9.15க்குப் படுத்திருக்க வேண்டும். உறக்கம் 8, பாடசாலை 6, நடையும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் பயணமும் சேர்ந்து இரண்டரை, குளிப்பு, சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது இரண்டரை. மொத்தம் 19. மிச்சம் 5 மணித்தியாலம். டியூசன் உள்ள நாளில் அதில் 2 போய்விடும், பயிற்சி இருந்தால் இன்னும் 1. தானாக உட்கார்ந்து படிக்கக் கிடைப்பது 2 மணித்தியாலம்தான். நடுவில் சிறு இடைவேளை விட்டால் 35 நிமிடப் படிப்பு மூன்று. தரம் 11 முடித்து எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடங்கள் ஒன்பது. ஒரே நாளில் எல்லாப் பாடத்தையும் தொடுவதாகப் போடும் நேரசூசி எதுவானாலும் முதல் வாரத்திலேயே உடையும்.

கடைப் பிளானர் இந்தக் கணக்கைக் காட்டுவதே இல்லை. பெரும்பாலானவற்றில் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 9க்கோ 10க்கோ முடிகிறது. இரவு அதில் வெள்ளைத் தாள்கூட இல்லை, அப்படியொன்று இருப்பதாகவே காட்டாது. ஆகவே, வேலை மிஞ்சினால் பிள்ளை எடுத்துக்கொள்வது இரவைத்தான். திகதி அச்சிட்ட வகைக்கு இன்னொரு கோளாறு உண்டு. ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓடுகிறது, பரீட்சை அப்படி ஓடுவதில்லை. 2023ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2024 மே மாதத்தில் நடந்தது, 2024க்கானது 2025 மார்ச்சில். கடைசி இரண்டு மூன்று மாதம், அதாவது நேரசூசி உண்மையில் தேவைப்படும் காலம், பிளானர் முடிந்த பிறகுதான் வருகிறது. ‘இன்றைய நன்றி’, ‘என் கனவு’, தண்ணீர் குடித்த கோப்பை எண்ணிக்கை என்று பக்கத்தில் கால்வாசி போய்விடுவதையும் சொல்ல வேண்டும். தாள் நன்றாக இருக்கிறது, அதை மறுக்க முடியாது. திகதி போடாத வகை என்றால் தவணைப் பரீட்சை அட்டவணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஃபோன் விஷயத்தில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கின்றன. கூகுள் கலண்டரில் ஒரு வகுப்பை ஒருமுறை போட்டால் வாராவாரம் தானாக வரும், சிக்னல் இல்லாத டிவிசனிலும் திறந்து பார்க்கலாம், மாற்றியது பிறகு சிக்னல் வந்ததும் சேரும். ஆண்ட்ரொய்ட் ஃபோன்களில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதியில் உறக்க நேர வசதி உண்டு. குறித்த நேரம் வந்ததும் திரை கறுப்பு வெள்ளையாகும், அறிவிப்புச் சத்தம் அடங்கும். கறுப்பு வெள்ளைத் திரையில் வீடியோ பார்க்கும் ஆசை குறையலாம் என்பதால் இதைப் போட்டு வைப்பது வீண் போகாது. ஆனால் அதே பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று வைக்கும் வசதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கணக்கு நள்ளிரவு 12க்குப் புதிதாகத் தொடங்குகிறது. விழித்திருக்கும் பிள்ளைக்கு 12.01க்கு அடுத்த நாள் பங்கு முழுதாகக் கிடைக்கும்! போட்ட பிள்ளையே அதை எடுத்தும் விடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், பல வீடுகளில் ஃபோன் ஒன்றுதான். அது அப்பாவோடு வேலைக்குப் போனால் நேரசூசியும் கூடவே போகிறது. இரவில் கைக்கு வந்தாலோ, நேரசூசி பார்க்கத் திறந்த ஃபோனில் டியூசன் வாட்ஸ்அப் குழு 10 மணிக்கு நோட்ஸ் அனுப்பியிருக்கும். அதை அன்றே எழுத வேண்டியதில்லை, மறுநாள் எழுதினாலும் அந்த நோட்ஸ் அங்கேதான் இருக்கும். நேரசூசிக்கு ஃபோன் வேண்டாம், வகுப்பு மாறினால் நினைவூட்ட மட்டும் இருக்கட்டும் என்பது எங்கள் தீர்ப்பு.

சதுர ரூல் கொப்பிக்கு வருவோம். 80 பக்கக் கொப்பி போதும். விரித்தால் எதிரெதிரே வரும் இரண்டு பக்கம் ஒரு வாரத்துக்கு. அப்படி 39 வாரம் கிடைக்கும், ஏறக்குறைய ஒரு பாடசாலை ஆண்டு. வாங்கும்போது கடையிலேயே திறந்து மேலிருந்து கீழாகக் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு கட்டம் ஒரு மணித்தியாலம் என்பதால் 24க்குக் குறையக்கூடாது. சிறு வகுப்புக்கான பெரிய கட்டக் கொப்பியில் பக்கம் போதாது.

இடப்பக்கத்தில் முதல் நிரலில் மணியை எழுத வேண்டும், காலை 6இலிருந்து அல்ல, இரவு 9இலிருந்து. இந்தக் கொப்பியில் நாள் தொடங்குவது படுக்கப் போகும் நேரத்தில். முதல் எட்டுக் கட்டங்கள் உறக்கத்துக்கு என்று பென்சிலால் நிழலிட்ட பிறகுதான் மற்றதைப் போடலாம். அடுத்துப் பாடசாலை, பயணம், வீட்டு வேலை, டியூசன், பயிற்சி. வெறுமையாக மிஞ்சும் கட்டங்கள்தான் படிப்புக்கு. அவை குறைவாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் பயப்படுவார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் கட்டம் பொய் சொல்லவில்லை.

நாளொன்றுக்கு இரண்டு நிரல் விட வேண்டும், ஏழு நாளுக்கு 14. இடது நிரல் திட்டம், வலது நிரல் உண்மையில் நடந்தது. இந்த இரண்டாவது நிரல்தான் கொப்பியின் உயிர். கட்டம் சிறியது என்பதால் ஓரெழுத்துக் குறி போதும்: க கணிதம், வி விஞ்ஞானம், வ வரலாறு, ஆ ஆங்கிலம், ப பஸ், தூ தூக்கம். அரை மணித்தியாலம் என்றால் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. வலப்பக்கத்தில் செய்ய வேண்டியதை முழுதாக எழுதலாம். ‘கணிதம்’ என்று மட்டும் எழுதினால் அந்த நேரத்தில் பாதி எதைச் செய்வது என்று யோசிப்பதிலேயே போய்விடும். ‘திரிகோண கணிதம், பயிற்சியில் 6 கணக்கு’ என்று எழுதினால் உட்கார்ந்ததும் தொடங்கலாம். கணித வினாத்தாள் இரண்டாம் பகுதிக்கு 3 மணித்தியாலம், விஞ்ஞானத்துக்கும் அப்படியே. பாஸ் பேப்பரை நேரம் வைத்துச் செய்ய வார நாட்களில் இடமே கிடையாது, அதற்குச் சனி அல்லது ஞாயிறு காலையில் மூன்று கட்டம் தொடர்ச்சியாக விட வேண்டும்.

இரண்டு வாரம் முடிந்ததும் இரு நிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். செவ்வாய் இரவு 7 மணிக் கட்டம் இரண்டு முறையும் தவறியிருந்தால் அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய வீட்டில், அறை பொது, டிவியும் பொது. சீரியல் ஓடும் நேரத்தில் வரலாறு ஏறாது. கட்டத்தை நகர்த்துங்கள், பிள்ளையைத் திட்ட வேண்டாம். அந்த நேரத்தைச் சத்தம் இருந்தாலும் செய்யக்கூடிய வேலைக்குக் கொடுக்கலாம்: படம் வரைவது, நோட்ஸ் பார்த்து எழுதுவது, புத்தகப் பை அடுக்குவது.

கொப்பி வழி தவறும் இடங்களும் உண்டு. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடுவது முதலாவது. தென்மேல் பருவமழையில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றால், அல்லது ஊவாப் பக்கம் ஆண்டு இறுதி மழையில் மின்சாரம் போனால், ஒரு மாலை முழுதும் கைவிட்டுப் போகும். வாரத்துக்கு நான்கு கட்டம் காலியாக விட்டால் அந்த இழப்பை அங்கே இறக்கலாம். டியூசனில் இருந்த நேரத்தைப் படித்த நேரமாக எண்ணுவது இரண்டாவது. அங்கே கேட்டதைக் கொப்பியை மூடிவைத்து எழுதிப் பார்க்கும் வரை அது ஆசிரியரின் அறிவுதான். நடந்ததை எழுதாமல் நடந்திருக்க வேண்டியதை வலது நிரலில் எழுதுவது மூன்றாவது. அம்மா அப்பா அதைப் பார்த்துக் கோபித்தால் இது கட்டாயம் நடக்கும். கலர் பென்சிலால் அழகுபடுத்தவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அதிலேயே கழிந்துவிடும். தாளைப் பற்றியும் ஒரு குறை: மலிவுக் கொப்பியில் தாள் மெல்லியது, மழைக்காலத்தில் ஈரம் இழுத்து உப்பும், அழுத்தி அழித்தால் கிழியும். மை பேனை வேண்டாம், பென்சிலும் மெதுவான அழிறப்பரும் போதும். நடுவில் கம்பி அடித்த கொப்பியின் நடுத்தாள் கழன்று வரும், பிளாஸ்டிக் உறை போடுவது நல்லது.

தவணைத் தொடக்கத்திலேயே கடைசிப் பக்கத்தில் பெரிய நாட்களை எழுதி வைக்க வேண்டும்: இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ் மொழித்தினப் போட்டி, தவணைப் பரீட்சை, கோயில் திருவிழா. காமன் கூத்து ஆடும் தோட்டங்களில் மாசி மாதத்து இரவுகளில் தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே 9 மணிக்குப் படு என்று சொல்வதில் அர்த்தமில்லை. கூத்தில் நிற்கும் பிள்ளை நிற்கட்டும். அந்த வாரத்தில் விடியற்காலைப் படிப்பை நிறுத்திவிட்டு, பாடசாலை விட்டு வந்ததும் 20 நிமிடம் கண்ணயர வைத்தால் போதும். 30 நிமிடம் தாண்டினால் எழும்பும்போது தலை பாரமாக இருக்கும், பின்னேரம் 5க்குப் பிறகு தூங்கினால் இரவுத் தூக்கம் தள்ளிப் போகும்.

கொப்பிக்குத் துணையாக ஒரு மேசை மணிக்கூடு வாங்கலாம். முள் வைத்த மலிவு மணிக்கூட்டில் எழுப்பும் நேரம் 12 மணித்தியாலச் சுற்றில் ஓடுகிறது. பாடசாலையால் வந்தவுடன் பின்னேரம் 3 மணிக்கே 5.15க்கு வைத்துவிட்டால் அது அன்று பின்னேரம் 5.15க்கு அடிக்கும். படுக்கும்போது மட்டும் பொத்தானை இழுங்கள். முள்ளைக் கையால் திருப்புவதால் ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆகும், ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். கைக்கு எட்டாத இடத்தில் வைத்து அதன் பக்கத்திலேயே சுவெட்டரைத் தொங்கவிடுவது நுவரெலியாக் குளிருக்கு நல்ல ஏற்பாடு. எழும்பிப் போனவர் திரும்பப் போர்வைக்குள் நுழைவதற்குக் காரணம் பெரும்பாலும் குளிர்தான். டிக் டிக் சத்தம் தாங்காதவர்கள் கடையில் காதருகே வைத்துக் கேட்டு வாங்குங்கள்.

‘விடியக்காலை 4 மணிக்கு எழும்பிப் படி’ என்ற அறிவுரை நம் வீடுகளில் அசையாமல் இருக்கிறது. 8 மணிக்குப் படுத்தால் சரி. ஆனால் பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பிந்திவிடுகிறது, தூக்கம் தரும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் ஏறும். 8 மணிக்குப் பலருக்குத் தூக்கம் வராது. 10க்குப் படுத்து 4க்கு எழும்பும் பிள்ளைக்குக் கிடைப்பது 6 மணித்தியாலம், படித்ததை மூளை பதிய வைக்கும் வேலையே உறக்கத்தில்தான் நடக்கிறது. தேயிலை விளையும் ஊரில் சொல்லக் கஷ்டமான ஒன்றும் உண்டு: இரவுப் படிப்புக்கு என்று போடும் சாயம் இறங்கிய பிளேன்டீ. கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணித்தியாலம் எடுக்கும். 8 மணிக்குக் குடித்ததில் பாதி நள்ளிரவு 1 மணிக்கும் உள்ளே இருக்கும். கடைசித் தேத்தண்ணி 4 மணியோடு நிற்கட்டும்.

வலது நிரலில் உறக்கம் எட்டுக் கட்டத்துக்குக் கீழே வாரத்தில் மூன்று நாள் இறங்கினால் எதையாவது வெட்ட வேண்டும். முதலில் போக வேண்டியது ஒரே பாடத்துக்குப் போகும் இரண்டாவது டியூசன். அடுத்து, பார்த்து எழுதும் நோட்ஸ். விளையாட்டையும் சாரணர் வேலையையும் முதலில் நிறுத்தும் வழக்கம் சரியில்லை, உடம்பு களைத்த பிள்ளை படுத்தவுடன் தூங்கும். சனி, ஞாயிறில் வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் கூடத் தூங்கலாம். பகல் 10 வரை போனால் திங்கள் காலை மணிக்கூடு வீண்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு தேவையில்லை. அங்கே படிப்பு நேரமும் விளக்கணைக்கும் நேரமும் ஏற்கெனவே போட்டிருக்கும். அவர்களுக்கு வலப்பக்கத்து வேலைப் பட்டியல் மட்டும் போதும், அதற்கு ஒற்றை ரூல் கொப்பியே தாராளம்.