"யூஎஸ்பி ஹோஸ்ட் உண்டு" என்று விற்கப்படும் சின்ன போர்டுகள்: வாங்குமுன் படித்துவிடுங்கள்

சின்ன லினக்ஸ் போர்டு ஒன்றை வாங்கி அதில் பென்டிரைவ், கீபோர்டு எல்லாம் செருகிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கிய போர்டின் விற்பனைப் பக்கத்தில் "யூஎஸ்பி 2.0 ஹோஸ்ட்" என்று, அதாவது கணினியைப் போலச் செருகும் கருவிகளை இயக்கும் என்று, கொட்டை எழுத்தில் இருந்தது. படத்திலும் முழு அளவு ஏ சாக்கெட் தெரிந்தது. வந்த போர்டில் பென்டிரைவைச் செருகினால் அதன் விளக்குகூட எரியவில்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய பின்னில் பூஜ்யம். ஹோஸ்ட் என்றால் செருகும் கருவிக்கு மின்சாரம் கொடுப்பது அதன் பொறுப்பு. அடாப்டரில் ஓடும் ஹோஸ்ட் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 500 மில்லிஆம்பியர் வரை தர வேண்டும் என்கிறது யூஎஸ்பி 2.0 விதி. அந்த 5 வோல்ட்டைத் திறந்து மூடவும், அளவு மீறினால் துண்டிக்கவும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பவர் ஸ்விட்ச் ஐசி வைப்பார்கள். என் போர்டில் அதற்கான இடம் இருக்கிறது, சால்டர் செய்வதற்கான பேடுகள் பளபளவென்று இருக்கின்றன, ஐசியைக் காணோம். விற்பனைப் பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதே இடத்தில் ஐசி உட்கார்ந்திருக்கிறது! மாதிரிக்கு ஒரு போர்டு, விற்பனைக்கு வேறு போர்டு.

விற்றவர்களிடம் கேட்டதற்கு வந்த முதல் பதில்: "பவர்டு ஹப் போடுங்கள், வேலை செய்யும்." செய்யாது. ஒழுங்காகத் தயாரித்த ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி), தனக்கென்று அடாப்டர் இருந்தாலும், மேலே உள்ள ஹோஸ்டிலிருந்து 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டி பிளஸ் என்ற தரவுக் கம்பியின் வோல்ட்டேஜை உயர்த்தித் தான் இருப்பதைத் தெரிவிக்கும். அதுவும் விதியில் இருப்பதுதான். இங்கே 5 வோல்ட்டே இல்லாததால் ஹப் செருகியிருப்பதே போர்டுக்குத் தெரியாது. விதியை மதிக்காத மலிவு ஹப் ஒன்று தற்செயலாக வேலை செய்யலாம். அதை நம்பியா ஒரு கருவியைக் கட்டுவது?

அடுத்து, சப்போர்ட் சாட்டில் இருந்தவர் இரண்டு புள்ளிகளைக் காட்டி, இடையே வயர் வைத்துச் சால்டர் செய்யச் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தேன். பென்டிரைவின் விளக்கு எரிந்தது. வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் போர்டே ரீசெட் ஆனது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த நடுவில் எதுவும் இல்லாததால் டிஸ்க் ஒரே இழுப்பில் 5 வோல்ட்டைக் கீழே தள்ளிவிடுகிறது. சரி, போர்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "போர்டில் சால்டர் செய்திருக்கிறீர்கள், திரும்ப எடுக்க முடியாது" என்றார்கள். செய்யச் சொன்னது அவர்களுடைய ஆள்தான் என்று எடுத்துக் காட்டியும் பயனில்லை.

மென்பொருள் பக்கம் இதைவிட மோசம். கூடவே வந்த கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி), போர்டில் என்னென்ன இருக்கிறது என்று அதற்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில், போர்ட்டின் பங்கைக் குறிக்கும் டிஆர் மோடு "பெரிஃபெரல்" என்று இருந்தது, அதாவது போர்டு இன்னொரு கணினிக்குக் கருவியாக மட்டும் இருக்கும். ஹோஸ்ட் வசதியுள்ள கெர்னலுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கட்டினேன். வந்த கெர்னலில் பென்டிரைவ் ஓடியது, கீபோர்டு ஓடவில்லை. கெர்னலில் எவையெல்லாம் இயக்கத்தில் இருக்கின்றன என்று காட்டும் கான்ஃபிக் கோப்பு புரொக் அடைவில் நல்லவேளையாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் யூஎஸ்பி ஹோஸ்டுக்கான இரண்டு டிரைவர்களில் இஹெச்சிஐ மட்டும் இயக்கத்தில், ஓஹெச்சிஐ அணைந்து கிடக்கிறது. இஹெச்சிஐ கையாள்வது 480 மெகாபிட் வேகத்தை மட்டும்தான். கீபோர்டு, மவுஸ் போன்றவை பெரும்பாலும் 1.5 அல்லது 12 மெகாபிட்டில் பேசுபவை, அவற்றை நேரடியாகச் செருகினால் கவனிக்க இந்தச் சிப்பில் ஓஹெச்சிஐ வேண்டும். ஒரே வரியை மாற்றிக் கம்பைல் செய்தால் தீரும் வேலை. இதையா காசு வாங்கிக்கொண்டு சோதிக்காமல் அனுப்புவது?

நானே மாற்றிக்கொள்கிறேன், சோர்ஸ் (மூல நிரல்) கொடுங்கள் என்றேன். "அது எங்கள் நிறுவனச் சொத்து" என்று பதில் வந்தது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் 2ஆம் பதிப்பின் கீழ் வருகிறது. கம்பைல் செய்த பைனரியை விற்பவர் சோர்ஸையும் கூடவே கொடுக்க வேண்டும், அல்லது கேட்டால் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்து உறுதியாவது தர வேண்டும். இதை எழுதி அனுப்பிய பிறகு பதிலே இல்லை. அதே பதிப்பு எண் கொண்ட பொதுக் கெர்னல் சோர்ஸிலிருந்து ஓஹெச்சிஐ மாட்யூலை (கெர்னலில் தனியாக ஏற்றும் துண்டு) கம்பைல் செய்து ஏற்றிப் பார்த்தேன். மாட்யூல் எந்தக் கெர்னலுக்கானது என்று காட்டும் வெர்மேஜிக் குறிப்பு பொருந்தாததால் "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்" என்று தள்ளிவிட்டது. கடைசியில் அவர்கள் கெர்னலையே தூக்கிப் போட்டுவிட்டு, பொதுக் கெர்னலில் டிவைஸ் ட்ரீயை நானே எழுதி ஓட்டுகிறேன். வயர் இருந்த இடத்தில் ஒழுங்கான பவர் ஸ்விட்ச் ஐசி வந்துவிட்டது. என் நேரத்துக்கு அவர்கள் பில் போடவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட போர்டு வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் ஸ்கெமேட்டிக் (முழுச் சர்க்யூட் படம்) கேளுங்கள். கட்டம் கட்டமாக வரைந்த பிளாக் டயகிராமை அனுப்பிச் சமாளிக்க விடாதீர்கள். கீபோர்டு ஒன்றை ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகிய நிலையில் எடுத்த பூட் லாகையும் (போர்டு தொடங்கும்போது கெர்னல் எழுதும் பதிவு) கேளுங்கள். அதில் "நியூ லோ ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்" அல்லது "ஃபுல் ஸ்பீடு" என்ற வரி இருக்க வேண்டும். "ஓடிஜி உண்டு" (ஹோஸ்டாகவும் கருவியாகவும் மாறும் வசதி) என்று மட்டும் போட்டிருந்தால் அதை ஹோஸ்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹோஸ்டா கருவியா என்று காட்டும் ஐடி பின்னைக் கிரவுண்டில் இணைக்கும் கேபிள் போட்டாலும், கெர்னல் ஒத்துழைத்து 5 வோல்ட்டும் வந்தால்தான் அது ஹோஸ்ட்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சப்போர்ட்டில் யார் சொன்னாலும், சால்டர் வைக்குமுன் காலிப் பேடுகளைப் படமெடுத்து வையுங்கள். சாட் ஜன்னலை மூடினால் உரையாடல் மறைந்துவிடுகிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இரண்டும் இருந்ததால்தான் நான் பணம் கட்டப் பயன்படுத்திய பேமென்ட் நிறுவனத்திடம் புகார் கொடுக்க முடிந்தது. விற்றவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.