பிவி ரிவ்யூ: மீட்டர் சூப்பர், ஆனா 100 காட்டுனதும் பெண்ட்ரைவ புடுங்கிடாதீங்க

சுங்கை சிப்புட்ல கல்யாணம், கோயில் திருவிழா வீடியோ எடுத்துக் குடுக்குறதுதான் நம்ம தொழில், கடையில ஒரு உபுண்டு (லினக்ஸ்) மெஷின் ஓடுது, பெரிய பெரிய ஃபைல டார் போட்டு (ஒரே மூட்டையாக் கட்டி) பெண்ட்ரைவ்லயும் வெளி ஹார்டிஸ்க்லயும் ஏத்துறதுலயே பாதி நாள் போயிரும். அதுக்கு நான் வச்சிருக்குறது பிவி, முழுப்பேரு பைப் வியூவர். ஒரு வெள்ளி கூட செலவு இல்ல, ஏபிடில (உபுண்டுல சாஃப்ட்வேர் ஏத்துற கமாண்டு) இன்ஸ்டால் பண்ணிக்கலாம். டாருக்கும் ஃபைலுக்கும் நடுவுல கோத்து விட்டா எவ்ளோ போச்சு, என்ன ஸ்பீடுன்னு ஒரே வரியில காட்டிக்கிட்டே இருக்கும். இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்னு தெரியணும்னா மட்டும் மைனஸ் எஸ் (-s) போட்டு மொத்த சைஸ நம்மதான் சொல்லணும், பைப்புல (ஒரு ப்ரோக்ராம்ல இருந்து அடுத்ததுக்கு டேட்டா போற குழாய்) வர்றதோட அளவு அதுக்கு எப்படித் தெரியும்.

எனக்குப் பிடிச்சது உள்ள நடக்குற வேலை. நடுவுல ஒரு ப்ரோக்ராம் உக்காந்தா டேட்டாவ கெர்னல்ட்ட (லினக்ஸோட உள் மையம்) இருந்து வாங்கி தன் மெமரில வச்சி திரும்ப கெர்னல்ட்டயே குடுக்கும், சும்மா கிடக்குற சிபியூக்கு வேலை. பிவி முடிஞ்ச வரைக்கும் அப்படிப் பண்ணாது, ஸ்பிளைஸ்னு 2006ல 2.6.17 கெர்னல்ல வந்த சிஸ்டம் கால் (ப்ரோக்ராம் கெர்னல்ட்ட வேலை கேக்குற வழி) இருக்கு, அத வச்சி பைப்புல இருக்குறத கெர்னலுக்குள்ளயே ஃபைலுக்குத் தள்ளிவிட்டுரும். சாதாரண பைப் 64 கேபிதான் புடிக்கும், அதனால சின்னச் சின்னதாதான் நகரும். சில பேரு இதுல காப்பியே கிடையாதுன்னு அடிச்சி விடுவாங்க, அது ஓவர்லா. பேஜ (மெமரியோட ஒரு துண்டு) அப்படியே தூக்கிக் குடுக்கச் சொல்ற ஆப்ஷன் 2.6.21ல இருந்து பேருக்குத்தான் இருக்கு, ஃபைலுக்குப் போறப்ப பேஜ் கேஷுக்குள்ள (ஃபைல் டேட்டாவ கெர்னல் தற்காலிகமா வைக்கிற மெமரி) ஒரு காப்பி நடக்கத்தான் செய்யும்.

இப்ப குறைக்கு வர்றேன். ஏத்த ஆரம்பிச்ச உடனே ஸ்பீடு 300, 400 எம்பின்னு பறக்கும், மலிவு பெண்ட்ரைவ் எந்தக் காலத்துல அந்த ஸ்பீடுல எழுதுச்சு? அது மெமரிக்குப் போற ஸ்பீடு. ரப்பர் பால் வெட்டுனவங்க ஸ்டோர்ல ஊத்திட்டாங்க, கிராணியும் (எஸ்டேட் கிளார்க்கு) எடை எழுதிட்டாரு, ஆனா லாரி இன்னும் ஃபேக்டரிக்குக் கெளம்பல, அந்த நெலமதான். கெர்னலோட டிஃபால்ட்படி கைக்குக் கிடைக்குற மெமரில 10 சதவீதம் எழுதாத டேட்டா சேந்துச்சுன்னா பின்னாடி ஃப்ளஷர் (மெமரில இருக்குறத டிஸ்க்குல எறக்குற கெர்னல் வேலையாள்) எழுத ஆரம்பிக்கும், 20 கிட்ட நெருங்குனா டாரையும் பிவியையும் இழுத்துப் புடிச்சிரும், அப்பதான் மீட்டர் திடீர்னு செத்த மாதிரி நிக்குறது. நிறைய பேரு பிவி ஹேங் ஆயிருச்சுன்னு அங்க கண்ட்ரோல் சி அடிச்சிருவாங்க, அடிக்காதீங்க. பக்கத்து டெர்மினல்ல மெமரி நெலமையக் காட்டுற ப்ராக் மெம்இன்ஃபோவத் (/proc/meminfo) திறந்து டர்ட்டி (எழுதக் காத்திருக்குறது), ரைட்பேக் (எழுதிக்கிட்டு இருக்குறது)னு ரெண்டு வரியப் பாருங்க, நம்பர் மெதுவா எறங்கிக்கிட்டே இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

கஸ்டமர் வேற கடை வாசல்ல மோட்டர ஆஃப் பண்ணாம நின்னுக்கிட்டு "அண்ணே, 100 காட்டுதே, குடுங்கண்ணே"ன்னு கேப்பாரு. 8 ஜிபி மெஷின்ல அந்த நேரத்துல 1 ஜிபிக்கு மேல கூட உள்ள எறங்காம நிக்கலாம். சிங்க் (மெமரில தேங்குனத டிஸ்க்குல எறக்குற கமாண்டு) அடிச்சி அது முடிஞ்சப்புறம் அன்மவுண்ட் பண்ணி குடுங்க.

பிவிக்கு மைனஸ் பெரிய ஒய் (-Y) போட்டா ஒவ்வொரு ரைட்டுக்கும் டிஸ்க்குல எறக்கிட்டுத்தான் அடுத்தது, மீட்டர் உண்மையப் பேசும். ஆனா சின்னச் சின்னதா எழுதி ஒவ்வொன்னுக்கும் காத்திருக்குறதால மலிவு ஸ்டிக்குல ஆமையா ஊரும், நான் அத ஹார்டிஸ்க்குக்கு மட்டுந்தான் போடுறேன். பெண்ட்ரைவுக்கு டர்ட்டி பைட்ஸ்னு ஒரு கெர்னல் செட்டிங் (எழுதாத டேட்டா எவ்ளோ சேரலாம்னு சொல்றது) இருக்கு, அத 64 எம்பி ஆக்கி விட்டா தேங்குறது குறையும், மீட்டரும் கிட்டத்தட்ட ஒழுங்காக் காட்டும். இது மெஷின் முழுக்கப் பாதிக்கும், அந்த நேரம் எடிட்டிங் ரெண்டர் ஓடுனா அதுவும் இழுபடும்.

இன்னொன்னு, ஸ்பிளைஸ் வேலை செய்யணும்னா ஒரு பக்கமாவது பைப் இருக்கணும். நேரா ஃபைல்ல இருந்து ஃபைலுக்கு பிவி ஓட்டுனா அது சத்தமில்லாம பழைய ரீட் ரைட்டுக்கு மாறிரும். பழைய பேக்கப் பின்னாடி ஒட்டுறேன்னு ரெண்டு அம்புக்குறி (>>) போட்டு அப்பெண்ட்ல திறந்தாலும் கெர்னல் ஸ்பிளைஸ ஒத்துக்காது, ஃபைல் சரியாத்தான் வரும், சிபியூ மட்டும் கொஞ்சம் கூட ஓடும்.