ஃபாஸ்ட் டிராவல் இல்லாமல் மூன்று வருஷம்: ஸ்கைரிமும் என் விதிகளும்

ஸ்கைரிம் என்கிற கற்பனை உலக வீடியோ கேம் வெளிவந்தது 2011 நவம்பரில். நான் வாங்கியது பல வருஷம் கழித்து, தள்ளுபடியில். பழைய லேப்டாப்பிலும் ஓடும் என்றார்கள், அதனால்தான். முதல் தடவை எல்லாரையும் போலத்தான் ஆடினேன். பதுங்கிப் பதுங்கி அம்பு விடுவது, மேப்பைத் திறந்து கிளிக் செய்து அடுத்த ஊருக்குப் பறப்பது (ஃபாஸ்ட் டிராவல் என்பது இதைத்தான்). ஒரே மாதத்தில் சலித்துவிட்டது. ஐம்பது குகைக்காவது போயிருப்பேன், ஒன்றுக்குக்கூட வழி தெரியாது.

அப்புறம்தான் எனக்கு நானே விதி போட்டு ஆடத் தொடங்கினேன். விதி என்றாலே கஷ்டப்படுவதுதான் என்று முதலில் நினைத்து, லெஜண்டரி என்கிற ஆகக் கடினமான நிலைக்கு மாற்றினேன். அதில் நாம் அடிக்கிற அடி கால்வாசிதான் ஏறும், நம்மேல் விழுவது மூன்று மடங்கு. ஓநாய் ஒன்று செத்து விழுவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஒரு வாரத்தில் மணிக்கட்டு வலிதான் மிச்சம். பழையபடி நடுத்தர நிலையான அடெப்ட்டுக்கே இறங்கி வந்தேன்.

நிலைத்த விதிகள் மூன்றுதான். ஃபாஸ்ட் டிராவல் கிடையாது. படுக்கையில் தூங்கினால்தான் சேவ். என் ஆள் ஒரு சுமைதூக்கி, யாராவது கேட்டால்தான் எங்கேயும் போவான். வைட்ரன் நகரத்து லாயத்துக்கு வெளியே நிற்கிற குதிரை வண்டிக்கு மட்டும் விலக்கு. பெரிய ஊர்களுக்கு இருபது காசு. ஜங்ஷனில் பஸ் ஏறுவது போலத்தானே.

இந்த ஆளுக்கென்றே எழுதி வைத்தது மாதிரி ஐவர்ஸ்டெட் என்கிற மலையடிவாரக் கிராமத்தில் ஒரு வேலை உண்டு. மலை மேல் மடத்துச் சாமியார்களுக்குச் சாப்பாட்டு மூட்டை கொண்டுபோகும் கிளிம்மெக்குக்குக் கால் ஓய்ந்துவிட்டது, நம்மைக் கேட்பான். முதல் ஆட்டத்தில் அந்த ஏழாயிரம் படியை (பேச்சுக்குத்தான் ஏழாயிரம், எண்ணினால் அத்தனை தேறாது) ஓடியே ஏறியிருந்தேன். இந்தத் தடவை கேப்ஸ் லாக்கை அழுத்தி, ஓட்டத்தை நிறுத்தி நடை. மூச்சு வாங்க நிற்பதாகப் பாவனை செய்து வழியில் இருந்த கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மொத்தம் பத்து. பத்தையும் படித்தால் ஒரு நாள் முழுக்க எந்த விலங்கும் நம்மைத் தாக்காது, கண்டு ஓடவும் ஓடாது. ஓடி ஏறியபோது இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. நடுவில் பனிச்சந்து ஒன்றில் ட்ரோல் என்கிற ராட்சதன் காத்திருப்பான், அவனிடம் இரண்டு தடவை செத்தேன். செத்தால் திரும்பவும் அடிவாரத்து விடுதிப் படுக்கையிலிருந்துதான்.

இந்த சேவ் விதியில் ஒரு தடவை நன்றாகவே பட்டேன். ஆடி மாதம், பாளையங்கோட்டையில் காற்று கதவைப் பிய்க்கிறது. லேப்டாப் பேட்டரி செத்து ரொம்ப நாள். இரண்டு மணி நேரம் நடந்து விடுதி வாசலுக்கு வந்தேன், கரண்ட் போய்விட்டது. அன்றிலிருந்து, கரண்ட் போனால் மட்டும், ஆட்டம் தானாகவே எடுத்து வைக்கும் ஆட்டோசேவைத் தொடலாம் என்று ஒரு திருத்தம்.

தோற்றுப்போன விதி, மேப்பும், போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறியும் பார்க்காமல் ஆடுவது. எங்கள் ஆச்சி ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். அங்கே வழி கேட்டால், "வடக்க பாத்து போயி, வாய்க்கா பாலம் தாண்டுனதும் கெழக்க திரும்பு, வேப்பமரத்துக்கு மேக்க மூணாவது வீடு" என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேரலாம். ஸ்கைரிம்காரர்களோ "குகைக்குப் போய் எடுத்து வா" என்பதோடு சரி. எந்தக் குகை, எந்தத் திசை? அம்புக்குறி காட்டிவிடும் என்று நம்பி எழுதிய பேச்சு அது. இதே வரிசையில் 2002இல் வந்த மோரோவிண்டில் ஆற்றையும் பாறையையும் அடையாளம் சொல்லியே அனுப்புவார்கள், அங்கே இந்த விதி ஜோராக நடக்கும். இங்கே சமரசம்தான். மிதக்கும் அம்புக்குறியை அணைத்துவிட்டேன், மேப்பை விடுதியில் உட்கார்ந்துதான் திறப்பேன். முச்சந்திகளில் கைகாட்டி மரம் இருக்கிறது, பெரிய ஊர்களுக்கு அது போதும்.

சர்வைவல் மோடு தனியாகச் சொல்ல வேண்டியது. 2021 ஆண்டுவிழாப் பதிப்போடு ஸ்பெஷல் எடிஷன் என்கிற மறுபதிப்பு வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே கிடைத்தது. பசி, தூக்கம், குளிர் எல்லாம் உண்டு. ஃபாஸ்ட் டிராவலை அதுவே பூட்டிவிடும், தூங்கினால்தான் லெவல் ஏறும். எனக்குக் குறை இரண்டு. சுமக்கும் அளவில் நூறு குறைத்துவிடுகிறது, சுமைதூக்கிக்கு இது அநியாயம். அடுத்தது பசி. ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நமக்கு 72 நிமிடம்தான், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மறுபடி பசிக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில், ஃபேன் அனலைக் கக்க, பனியன் நனைந்து உட்கார்ந்து, 'குளிரில் விறைக்கிறாய்' என்று திரையில் படித்ததும் உண்டு. அப்படியும் அதை இன்றுவரை அணைக்கவில்லை.

லீவுக்கு வந்த அக்கா மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, எதுக்கு நடந்தே போறிய? ஒரு கிளிக்ல போயிரலாம்லா?" என்றான். சரி, நீயே ஆடு என்று தனியாக ஒரு ஆளை ஆரம்பித்துக் கொடுத்தேன். சர்வைவல் எதுவும் போடவில்லை. இரண்டு நாள் பறந்து பறந்துதான் ஆடினான். மூன்றாம் நாள் பார்க்கிறேன், ஆறு குறுக்கே வந்தும் நீந்தாமல் கரையோரமாகவே பாலம் தேடி நடக்கிறான். ஏன்டா என்றேன். சட்டை நனைந்தால் அம்மை ஏசுவாளாம்.