இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரும் ரொசல்லை பாஸும்

கினிகத்தேனையைத் தாண்டியதும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும் என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலை மாதத்தில் வட்டவளைப் பக்கம் பெய்கிற மழை எப்படிப்பட்டது என்பதும் அவ்வாறே. ஆகவே லண்டனிலிருந்து வந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியது, அவிசாவளையில் சாப்பிட்டது, எட்டியாந்தோட்டையில் நின்றது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அக்கா மகனின் கார் வட்டவளைக்கு மேலே வீதியின் நடுவில் இரண்டு முறை இருமி நின்றுபோன இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

மேட்டுப்பக்கக் கான் (வடிகால்) அடைபட்டு, செம்மண் கலந்த தண்ணீர் வீதியை முழுதாக மூடி ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் அதிகமில்லை, பாதி டயருக்கும் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே வந்த பஸ் ஒன்று வேகத்தைக் குறைக்காமல் அதற்குள் இறங்கியபோது எழுந்த அலை எங்கள் முன் பம்பரின்மேல் மோதியது. அடுத்த கணமே எஞ்சின் நின்றது. மருமகன் உடனே செல்ஃப் அடிக்கச் சாவியில் கை வைத்தான். நான் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது 1.2 லீற்றர், நான்கு சிலிண்டர் கார். ஒரு சிலிண்டருக்கு 300 மில்லிலீற்றர். அமுக்க விகிதத்தை ஏறத்தாழ 10க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 33 மில்லிலீற்றர்தான், அதாவது இரண்டு மேசைக்கரண்டியை விடச் சற்றே அதிகம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த இடத்தை நிரப்பும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போயிருக்கும்போது எஞ்சினைச் சுற்றவைத்தால் பிஸ்டன் முட்டி நின்றுவிடும், பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையும், சில நேரம் எஞ்சின் பிளொக்கே உடையும். தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்ற ஒரே விதியை மறந்ததால் எஞ்சினையே இழந்தவர்கள் ஏராளம்.

அவ்வளவு எளிதாகத் தண்ணீர் எப்படி உள்ளே போனது? அதற்கான விடைதான் என்னைக் கோபப்படுத்தியது. கொழும்பில் ஒரு கடையில் மருமகன் ஆசைப்பட்டுக் கூம்பு வடிவ எயார் ஃபில்டர் ஒன்றைப் பூட்டியிருந்தான். முதலில் கடைக்காரர், ஃபில்டரை மூடி வைக்கும் கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஃபில்டரை எஞ்சின் பக்கத்தில் மூடியில்லாமல் வைத்திருக்கிறார். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று இவன் திரும்பிப் போய்ச் சொன்னபோது, ‘குளிர்ந்த காற்று வேண்டும்’ என்று கூறி ஒரு நீள அலுமினியக் குழாயைச் சேர்த்து, ஃபில்டரை முன் பம்பருக்குள், தரைக்கு அருகில் இறக்கிவிட்டிருக்கிறார். இரண்டு முறையும் காசு வாங்கியிருக்கிறார். சூட்டுக்குச் சொன்ன மருந்து தண்ணீரைக் கூட்டிவந்துவிட்டது. இந்தக் கார் ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் போகும் வண்டி என்று தெரிந்திருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழற்றிய கம்பெனிப் பெட்டியையும் திருப்பித் தரவில்லை. லண்டனில் நான் வண்டி விடும் கராஜில் கழற்றிய பாகம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எறிவார்கள். காற்று உள்ளே போகும் வழியை மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். அந்தக் கெடுபிடிகளை அங்கே நானே பலமுறை நொந்துகொண்டிருக்கிறேன். வட்டவளை மழையில் நனைந்தபடி நின்றபோது அவற்றின் அருமை புரிந்தது.

ஊரார் நான்கு பேர் வந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். பெயரும் கேட்கவில்லை, நன்றி சொல்லவும் இடம் தரவில்லை. அவர்களில் ஒருவர்தான் ரொசல்லைப் பக்கம் இருக்கும் ஒரு பாஸை (மெக்கானிக்கை) தொலைபேசியில் அழைத்தார். முக்கால் மணி நேரத்தில் லொறி ஒன்றில் கயிற்றோடு வந்துவிட்டார். லண்டனில் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உறுப்பினர் இலக்கம் சொல்லி, இசை கேட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து பழகிய எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பாஸுக்கு அறுபது வயதிருக்கும். தோட்டத்துத் தொழிற்சாலை லொறிகளில் வேலை பழகியவர். பொனட்டைத் திறந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, “நின்ன பிறகு செல்ஃப் அடிச்சீங்களா, தம்பி?” என்பதுதான். இல்லை என்றதும் முகம் தெளிந்தது. ஃபில்டரைக் கழற்றிக் கையால் பிழிந்தார். சேற்றுத் தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகியது. ஒயில் குச்சியை இழுத்து, ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார், மாறியிருக்கவில்லை. பெற்றோல் பாயாமலும் நெருப்பு வராமலும் ஃபியூஸ்களைப் பிடுங்கிவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றி, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செல்ஃப் அடித்தார். இரண்டாவது துவாரத்திலிருந்து தண்ணீர் சாரலாகப் பீறிட்டுப் பொனட்டின் உட்புறத்தில் தெறித்தது. மருமகன் எதுவும் பேசவில்லை. சாவியைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவனுக்கு அந்தச் சாரல் சொல்லிவிட்டது. துவாரங்களில் சில துளி ஒயில் விட்டு, பிளக்குகளைத் துடைத்துப் பூட்டினார். எஞ்சின் ஓடியது.

கம்பெனிப் பெட்டி கையில் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இல்லாதபடியால், அன்றைக்கு நீளக் குழாயை மட்டும் கழற்றிவிட்டு, ஃபில்டரைப் பழையபடி எஞ்சின் பக்கத்தில் மேலே பூட்டி, மெதுவாக வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போகும்போது மருமகனின் கைத்தொலைபேசியோடு இணையும் சிறு ஸ்கேனரை மாட்டிக்கொண்டோம். ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம், கொழுந்து லொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது வெளியே 19 பாகை செல்சியஸ், எஞ்சினுக்குள் போகும் காற்று 62 பாகை.

இதில் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு: 20 பாகைக் காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. அந்த அளவுக்கு ஒட்சிசன் குறையும், இழுவையும் குறையும். காற்று மிகவும் சூடாகிவிட்டால் எஞ்சின் தட்டாமல் (எரிபொருள் தானாகவே பற்றி வெடிக்காமல்) இருக்கக் கணினி நெருப்பு விழும் நேரத்தையும் தள்ளிப்போடும். கொழும்பில் இது பெரிதாகத் தெரியாது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரம். அங்கே கடல்மட்டத்தை விடக் காற்று ஏற்கெனவே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. மெலிந்த காற்றைச் சூடாக்கியும் கொடுத்தால் ஏற்றத்தில் வண்டி எப்படி இழுக்கும்? சிறுவயதில் நாங்கள் போன பஸ்கள் ஏற்றத்தில் ஊற்றைக் கண்ட இடத்தில் நிற்கும். கண்டக்டர் வாளியோடு இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார், நாங்கள் கறுவாப்பட்டை மிட்டாய் வாங்கித் தின்போம். மலை ஏறும் வண்டிக்குச் சூடுதான் முதல் எதிரி என்று எங்களுக்கு அந்த வாளி கற்றுத்தந்தது. அந்தக் கொழும்புக் கடைக்காரர் அந்த பஸ்களில் போனவராக இருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்துப் போனபோது, அட்டையில் வெட்டிய மாதிரி ஒன்றைப் பாஸ் தயாராக வைத்திருந்தார். அதை எஞ்சின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கத்தரித்து, மறுபடி வைத்துப் பார்த்து, ஒரு மணி நேரம் அதற்கே செலவழித்தார். பிறகுதான் அலுமினியத் தகட்டைத் தொட்டார். ஃபில்டரைச் சுற்றி நான்கு பக்கமும் அடியும் உள்ள பெட்டி. மேல் விளிம்பில் பழைய வான் கதவின் இறப்பர் வார். பொனட்டை மூடினால் அந்த இறப்பர் அதன் உட்புறத்தில் அழுந்தி மூடியாகிவிடும். எஞ்சினைப் பார்த்த பக்கத்தில் வெள்ளி நிற வெப்பத்தடைத் தாளை ஒட்டினார், ஆனால் தகட்டுக்கும் சூடான பாகங்களுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டார். ஒட்டிக்கொண்டிருந்தால் தகடே அடுப்புத் தட்டாகிவிடும் என்றார்.

வெளிக்காற்றுக்கான குழாயை ஹெட்லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டரின் மேல்விளிம்பு உயரத்தில் தொடங்கி, வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். அந்தக் குழாயை நேராக ஃபில்டரை நோக்கி வைக்காமல் பெட்டியின் எதிர்ச்சுவரைப் பார்க்க வைத்தார். காற்று திரும்பும், தண்ணீர்த்துளி திரும்ப முடியாமல் சுவரில் மோதிக் கீழே வடியும். அடியின் தாழ்ந்த மூலையில் சுண்டுவிரல் நுழையாத அளவில் ஒரு துவாரம், வடிவதற்கு. கம்பெனிக்காரன் பெட்டியிலும் இவையெல்லாம் இருந்தன, யாரும் கவனிப்பதில்லை என்று சொன்னார். கடைகளில் விற்கும் தண்ணீர் ஒட்டாத துணியுறையைப் போடலாமா என்று கேட்டேன். “தூறலுக்குச் சரி தம்பி. முங்கினா அது காப்பாத்தாது. சேறு பிடிச்சா மூச்சும் முட்டும்,” என்றார். ஃபில்டரைக் கழுவிய பிறகு ஒயிலை அள்ளிப் பூசக் கூடாது, அது காற்றளவை எடுக்கும் சென்சரில் படிந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

பெட்டி, காரை லொறியில் கட்டி இழுத்தது, இரண்டு நாள் வேலை எல்லாவற்றுக்கும் அவர் கேட்டது, லண்டனில் ஒரு மணி நேரக் கூலியில் பாதிகூட இல்லை. கூடுதலாக நீட்டியதை வாங்க மறுத்தார். அங்கேயென்றால் புதிய பெட்டிக்குக் கட்டளை கொடுத்து ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். தகட்டை வெட்டிச் செய்யத் தெரிந்த கை அந்தக் கராஜ்களில் இப்போது கிடையாது.

திரும்பும் வழியில் அதே டிக்கோயா வீதியில் ஸ்கேனர் 26, 27 பாகை காட்டியது. ஹட்டன் நகர நெரிசலில் நின்றபோது 41 வரை போனது, வண்டி நகர்ந்த இரண்டொரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. நிற்கும் வண்டியில் எந்தப் பெட்டியும் சூட்டை முழுதாகத் தடுக்காது.

நான் புறப்படும் நாளிலும் வட்டவளையில் கொட்டியது. அதே இடத்தில் தண்ணீர் ஓடியது. இம்முறை மருமகன் எதிரே வந்த லொறி கடந்து போகும்வரை மேட்டில் காத்திருந்து, பிறகு மெல்ல இறங்கி ஏறினான். கித்துல்கலையில் மழை ஓய்ந்ததும் ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்தோம். பெட்டியின் மூலைத் துவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபில்டரின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தான். விரல் காய்ந்தே இருந்தது.