வட்ட நீதிமன்ற வளாகத்துச் சட்ட உதவி மையம்: ஒரு மதிப்பீடு

பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், வாடகை முன்பணம், ஜீவனாம்சம் என்று எளிய மக்களுக்கு வரும் சிக்கல்கள் பலவற்றில் வழக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தெளிவு தேவைப்படுகிறது: எந்த அலுவலகத்தில், எந்த ஆவணங்களோடு, யாரிடம் மனுக் கொடுப்பது? அந்தத் தெளிவைக் காசு வாங்காமல் தருவதற்காகவே, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்கீழ் மாவட்டத்திலும் வட்டத்திலும் சட்ட உதவி மையங்கள் நடக்கின்றன. எங்கள் வட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மையத்தை எனக்காகவும் அக்கம்பக்கத்தாருக்காகவும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அங்கே கிடைக்கும் ஆலோசனையின் தரத்தையும், பொதுமக்களின் கருத்தை அந்த மையம் எப்படிக் கேட்கிறது என்பதையும் பற்றியதே இம்மதிப்பீடு.

ஆலோசனையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. கணவர் இறந்தபின் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற முடியாமல் தவித்த பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்துச் சென்றபோது, பணியிலிருந்த வழக்கறிஞர் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்துப் படித்தார். பத்திரத்தில் இருந்த உட்பிரிவு எண் பட்டாவில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை, உட்பிரிவு செய்யக் கோரி வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்தாலே போதும் என்று சொல்லி, மனுவையும் அங்கேயே எழுத வைத்தார். வெளியே இதே வேலைக்குக் கட்டணம் கேட்டவர்கள் உரிமையியல் வழக்கு என்றுதான் பேச்சைத் தொடங்கியிருந்தார்கள்.

வாசலில் நடந்ததுதான் வேறு கதை. சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச உதவிக்குத் தகுதியுடையவர்கள். வருமான வரம்பை வைத்து விண்ணப்பிப்பவர்களுக்குக்கூட, தம் வருமானத்தைக் கூறும் பிரமாணப் பத்திரமே போதுமானதாகக் கருதப்படலாம் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருந்தும், வந்த பெண்களிடமெல்லாம் வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கே நெடுநாள் இருந்தது. அதை மாற்றியது மேலிடத்து உத்தரவு என்று சொல்வதற்கில்லை. கருத்துப் பதிவேட்டில் இதே குறையைப் பலரும் அடுத்தடுத்து எழுதியதை மையத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர் ஒருவர் கவனித்தார். தகுதியுடையோர் பட்டியல் தமிழில் பெரிய எழுத்தில் கதவருகே வைக்கப்பட்டது; பெண்களுக்கு வருமானச் சான்று தேவையில்லை என்ற வரி அதில் தனியாக இருக்கிறது. கருத்துக் கேட்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பலகையைத்தான் காட்டுவேன்.

ஆனால் அந்தப் பதிவேடு கேட்கும் விதத்தில் பெரிய கோளாறு இருக்கிறது. ஆலோசனை முடிந்து எழுந்திருக்கும்போதே நோட்டை நீட்டுகிறார்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகப் பேசிய வழக்கறிஞர் எதிரில் அமர்ந்திருக்க, யாருக்குத்தான் குறை எழுத மனம் வரும்? ‘நன்றி, திருப்தி’ என்ற இரண்டு சொற்களே பெரும்பாலும் பக்கம் பக்கமாக நிறைந்திருப்பதில் வியப்பில்லை. அதைவிட முக்கியமாக, சட்ட ஆலோசனை சரியா தவறா என்பது அன்றைக்குத் தெரிவதில்லை. மனு ஏற்கப்பட்டதா, திருப்பி அனுப்பப்பட்டதா என்பது தெரிய மாதங்கள் ஆகும். அப்போது யாரும் கேட்பதில்லை. பாதியில் எழுந்து போனவர்களும், சொன்னது புரியாமல் மறுபடி வராதவர்களும் எந்தக் கணக்கிலும் சேருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர், கைபேசி எண், கருத்து என்று கட்டம் போட்ட அந்த நோட்டில் முந்தைய பக்கங்களை யார் வேண்டுமானாலும் புரட்டலாம். குடும்ப வன்முறைக்கு ஆலோசனை கேட்டு வந்த பெண்ணின் எண்ணை அடுத்து வருபவர் படிக்கும்படி விடுவது எந்த வகை அக்கறை என்று எனக்குப் புரியவில்லை. தனித்தாளில் எழுதிப் பூட்டிய பெட்டியில் போடச் செய்வதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

சட்டத் தன்னார்வலர்கள் என்று பயிற்சி பெற்ற ஒரு பிரிவினர் இந்தச் சட்ட உதவி அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆலோசனைக்கு வந்தவர்களை மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, ‘சொன்னபடி மனுக் கொடுத்தீர்களா, என்ன ஆயிற்று, எந்த இடத்தில் நின்றுபோனது’ என்று கேட்கும் பொறுப்பை, வந்தவர்களின் சம்மதம் பெற்று, இந்தத் தன்னார்வலர்களிடம் கொடுக்கலாம். ஒரே ஊரிலிருந்து ஒரே வகையான உட்பிரிவுச் சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பிழை ஆலோசனை கேட்பவரிடம் இல்லை, வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கிறது என்பது அந்தப் பதில்களிலிருந்தே வெளிப்படும். பிரிட்டனில் 1939ஆம் ஆண்டு தொடங்கிய குடிமக்கள் ஆலோசனை அமைப்பு இதைத்தான் செய்கிறது: ஆலோசனை தருவதோடு நிற்காமல், தன்னிடம் வரும் சிக்கல்களைத் தொகுத்து, விதிகளை மாற்றச் சொல்லி அரசிடமும் நிறுவனங்களிடமும் வாதிடுகிறது. எங்கள் மையம் ஆண்டுக்கு ஒருமுறை வட்டாட்சியருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினாலே பாதிக் கூட்டம் குறையும் என்பது என் கணிப்பு.

போக விரும்புவோர் ஆவணங்களின் நகல்களோடு மூலத்தையும் கொண்டு செல்லுங்கள். அடுத்து செய்ய வேண்டியதைத் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருகிறார்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். அந்தப் பக்கம் மறுபடி போக நேர்ந்தால், முன்பு கொடுத்த மனு என்னவாயிற்று என்பதைப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு வாருங்கள். கைபேசி எண்ணை மட்டும் எழுத வேண்டாம்.