செர்வோ டிரைவ்: மூன்று வருடத்துக்கு அப்புறம், அவுட்புட் பக்கம் மட்டும்

பெங்களூர் பீன்யாவில் எங்கள் பட்டறை. டிரில்லிங் மெஷின் ஒன்றின் செங்குத்து அச்சில் 750 வாட் செர்வோ மோட்டாரும் (சொன்ன இடத்தில் துல்லியமாக நிற்கும் மோட்டார்) அதை இயக்கும் டிரைவும் மாட்டி மூன்று வருடம் ஆகிறது. மோட்டாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக ஓடுகிறது. என் பொழுதைத் தின்றது டிரைவ் வெளியே அனுப்பும் ஆன்/ஆஃப் சிக்னல்கள், அதாவது நான்கே நான்கு டிஜிட்டல் அவுட்புட்தான்.

ரெடி, அலாரம், இன்-பொசிஷன் (சொன்ன இடத்துக்கு வந்தாயிற்று), பிரேக் என்று நான்குக்கும் கம்பெனியே வேலை ஒதுக்கி அனுப்பியிருந்தது. எந்தப் பின்னில் எது வரவேண்டும் என்பதைப் பாராமீட்டரில் மாற்றிக்கொள்ளலாம். அதன் அருமை முதல் மாதமே தெரிந்தது.

ஒரு அவுட்புட் 50 மில்லியாம்ப்தான் தாங்கும். மோட்டார் பிரேக்கின் காயில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால் நடுவில் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டோம். காயில் அணையும்போது எழும் வோல்டேஜ் துள்ளலை அடக்க ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடும் போட்டோம், தலைகீழாக! வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும்; மைனஸ் பக்கம் போய்விட்டது. "அண்ணே, ரிலே இழுக்கவே மாட்டேங்குது" என்று ஒயரிங் தம்பி கூப்பிட்டபோது டிரைவுக்குள் டிரான்சிஸ்டர் போய்ச் சேர்ந்திருந்தது. டிரைவைக் கழற்றவில்லை. நாங்கள் பயன்படுத்தாத ரெடி சிக்னலை எடுத்துவிட்டு, அந்தப் பின்னுக்குப் பிரேக்கை மாற்றி, ஒருமுறை பவரை அணைத்துப் போட்டேன். இன்றுவரை அதில்தான் ஓடுகிறது.

அடுத்த தொல்லை, செர்வோ ஆஃப் ஆகும்போதெல்லாம் ஸ்பிண்டில் தலை 'டொக்' என்று 2 மில்லிமீட்டர் இறங்கியது. பிரேக் கவ்வுவதற்குள் மோட்டார் கைவிட்டுவிடுகிறது. பிரேக் அவுட்புட் ஆஃப் ஆன பிறகும் மோட்டார் சற்று நேரம் பிடித்திருக்க ஒரு டிலே பாராமீட்டர் உண்டு. அது பூஜ்யத்தில் இருந்தது. 150 மில்லிசெகண்ட் கொடுத்ததும் சத்தமே இல்லை. ஆனால் ஓவர்கரண்ட் மாதிரி அலாரம் வந்தால் டிரைவ் உடனே கைவிடும், டிலே உதவாது. அதனால் கீழே கை வைக்கும் முன் மரக்கட்டை முட்டுக்கொடுப்பதை இன்னும் விடவில்லை.

இன்-பொசிஷனில், இலக்குக்கு 10 கவுண்டுக்குள் (கவுண்ட் என்பது என்கோடரின் ஒரு சிறு படி) வந்தால்தான் ஆன் என்று வைத்திருந்தேன். விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், பிஎல்சி (மெஷினை நடத்தும் கன்ட்ரோலர்) காத்துக்கொண்டே இருக்கும். மோட்டார் சுற்றை அளப்பது 17 பிட் என்கோடர், ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் நகர்த்தும் ஸ்க்ரூ; 100 கவுண்ட் என்றாலும் 8 மைக்ரான்கூட வராது. துளை போடும் மெஷினுக்கு எதற்கு இந்த வீம்பு? 100 ஆக்கினேன், தீர்ந்தது.

அலாரம் மட்டும் வந்தபடியே நல்ல அமைப்பு: எல்லாம் சரியாக இருந்தால் ஆன், கோளாறு வந்தால் ஆஃப். ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். இதைத் திருப்பிப் போட்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பயம்.

குறை என்றால் மேனுவல்தான். அவுட்புட் என்பிஎன் வகை (ஆன் ஆனால் மைனஸ் பக்கத்தோடு இணைப்பது), பிஎல்சி இன்புட் காமனுக்குப் பிளஸ் 24 வோல்ட் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கப் படத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதற்கே அரை நாள் போனது.

புது மெஷினுக்கும் இதே டிரைவைத்தான் சொல்லியிருக்கிறேன். ரிலே மட்டும், டயோடு உள்ளேயே வைத்து வருவது.